எந்தச் சீட்டுக்கு வந்த பதில்

கண்ணு,

இதை எழுதும்போது உனக்கு மூன்று வயது முடிந்து நாலு மாதம். மத்தியானச் சோறு தின்றுவிட்டு உள்ளே பாயில் தூங்குகிறாய். நீ இதைப் படிக்கும்போது உனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருப்பார்கள். என் ஏற்பாடு அதுதான். பெண் முடிவானதும், பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால், இந்தக் கவரை உன் கையில் கொடுப்பேன். அதனால் வளர்ந்த ஆளிடம் பேசுவது போலவே எழுதுகிறேன். எனக்கு இப்போது இருபத்தொன்பது. அன்றைக்கு நீ இருக்கப்போகிற வயதும் கிட்டத்தட்ட இதுதான். ஆகையால் பெரிய மனுஷன் புத்திமதி எதையும் எதிர்பார்க்காதே. எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது, பேசுகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கவும் வராது. இரண்டாவது குறையால்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மா நீ பிறந்த மாதமே செத்துப்போனாள். அது எப்படி என்று ஊரில் ஒரு கதை உண்டு. கொல்லிமலையில் இருக்கிற உன் தாய்மாமன் வெள்ளையன், அவளுக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தபோது 'விட்டுவிட்டது, வர வேண்டாம்' என்று எனக்குப் பொய்ச் சீட்டு அனுப்பினார், அதனால் நான் வரவில்லை, அதனால் அவள் போனாள் என்பது கதை. அது நடக்கவில்லை. நடக்கவில்லை என்று எனக்கு முதலிலிருந்தே தெரியும். மூன்று வருஷத்துக்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் எல்லார் முன்னாலும் திறந்தேன். ஆனால் கதை ஒன்று ஓடத் தொடங்கிவிட்டால் பின்னால் வருகிற திருத்தம் அதைப் பிடிக்காது. உன் கல்யாணத்தின்போதும் யாராவது ஒருவர் உன் காதில் அதை ஊதுவார். உன் மாமன் அந்தப் பந்தலில் நிற்பாரா மாட்டாரா என்பது அப்போது உன் கையில் இருக்கும். ஆகவே முழுவதையும் தெரிந்துகொள்.

என் வேலையிலிருந்து தொடங்க வேண்டும், வேறு வழியில்லை. நான் சேந்தமங்கலத்துப் பக்கத்துக் குடியானவன் வீட்டுப் பிள்ளை, சேலத்தில் ஒரு கம்பெனியில் இன்ஜினீயர். தொண்ணூற்றொன்பதில் மலைமேல் ஒரு தகவல் மையத்துக்கு சாட்டிலைட் டிஷ் வைத்தோம். மிளகு விலை, குச்சிக்கிழங்கு விலை, ஒரு விண்ணப்பம், ஒரு மெயில், இவ்வளவுதான் அதில் ஓட வேண்டியது. மையத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளத் திண்ணனூர் நாட்டுப் பெண் ஒருத்தியைப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டாவது முடித்தவள். நான் டிஷ்ஷைத் திருப்பிவிட்டு இறங்கி வந்ததும் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, மழ பேஞ்சா நின்னு போற மெசினக் கொண்டாந்து மழ பேயற எடமாப் பாத்து வெச்சிருக்கீங்களே, இது உங்க யோசனையா, மேல இருக்கறவங்க யோசனைங்களா?" என்பது. மேலே இருப்பவர்கள் என்றேன். "அப்ப நீங்க வெறும் ஆணி அடிக்கறவருங்களா?" என்றாள். அவள்தான் உன் அம்மா. அப்பா அம்மா இல்லாதவள், அண்ணன் வெள்ளையன் வளர்த்தவள். என் அப்பாவுக்கு மலைமேல் சம்பந்தம் பிடிக்கவில்லை. ஆனாலும் கல்யாணம் நடந்தது.

அந்த டிஷ் மழையில் நிற்கும், அது உண்மை. நிற்பது பெரிய பிரச்சினை இல்லை. மழை விட்ட பிறகும் மணிக்கணக்கில் தள்ளாடிக்கொண்டிருக்கும், அதுதான் பிரச்சினை. காரணம் நான்தான். அதை விளக்குகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி. இரண்டு கணினிகள் பேசும்போது ஒன்று தகவலைப் பாக்கெட் பாக்கெட்டாக நறுக்கி அனுப்பும், மற்றது 'கிடைத்தது' என்று பதில் சொல்லும். பதில் வரவில்லையென்றால், வழியில் தொலைந்துவிட்டது என்று அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பும். எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு மறுபடி அனுப்புவது? அதற்குத்தான் ஒவ்வொரு தடவையும் போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்துகொண்டே இருக்கும். இப்போது ஒன்றை அனுப்பினாய், பதில் இல்லை. மறுபடி அனுப்பினாய், உடனே பதில் வந்துவிட்டது. அது எதற்கு வந்த பதில்? இரண்டாவதற்கா, அல்லது முதலாவதற்கு வர வேண்டியது தாமதமாக வந்ததா? பதிலில் 'கிடைத்தது' என்பதைத் தவிர ஒன்றும் எழுதியிருக்காது. இரண்டாவதற்கு என்று எடுத்துக்கொண்டால் பாதை மின்னல் வேகத்தில் இருப்பதாக நம்பிவிடுவாய். பிறகு அடுத்த பாக்கெட்டுக்குப் பதில் வரும்வரை காத்திருக்கவே மாட்டாய், அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பிப் பாதையை நீயே அடைத்துவிடுவாய். இது தெரிந்துதான், மறுபடி அனுப்பிய பாக்கெட்டுக்கு வருகிற பதிலை வைத்து அளக்கவே அளக்காதே என்று ஒரு விதி வைத்தார்கள். விதி சரி. ஆனால் மழை நேரத்தில் பாதிக்கு மேல் மறுபடி அனுப்பியதாகவே இருக்கும். அளக்க வேண்டிய நேரத்தில் அளவு இருக்காது.

இதற்காக ஏற்பட்டதுதான் நேரக்குறி. அனுப்புகிறவன் பாக்கெட்டின் தலைப்பகுதியில் தன் கடிகாரம் காட்டுகிற எண்ணை எழுதி அனுப்புவான். வாங்குகிறவன் அதே எண்ணைத் தன் பதிலில் அப்படியே திருப்பி எழுதுவான். அவ்வளவே. இரண்டு கடிகாரமும் ஒத்துப்போக வேண்டியதில்லை. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று வாங்குகிறவனுக்குத் தெரியவும் வேண்டாம். திருப்பிச் சொன்னால் போதும், எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்பது கேட்டவனுக்குத் தெரிந்துவிடும். வேகமான பாதைகளில் இதற்கு இன்னொரு உபயோகமும் உண்டு. பாக்கெட்டுகளின் வரிசை எண் தீர்ந்துபோய் மறுபடி முதலிலிருந்து வரும்போது, எங்கோ சுற்றிவிட்டு வருகிற பழைய பாக்கெட் புதியது போல நுழையப் பார்க்கும். நேரக்குறியைப் பார்த்து அதைத் தள்ளிவிடலாம். எங்கள் மலைக்கு அந்த வேகம் ஏழு ஜென்மத்துக்கும் வராது. இந்த நேரக்குறி கட்டாயமில்லை. பழைய மெஷின்களுக்கு இது தெரியாது, அதனால் பேச்சைத் தொடங்கும்போதே 'வைத்துக்கொள்ளலாமா' என்று கேட்டுக்கொள்வார்கள். ஒரு பக்கம் வேண்டாம் என்றாலும் கிடையாது. அதோடு பாக்கெட்டுக்குப் பன்னிரண்டு பைட் இடமும் பிடிக்கும். எங்கள் பாதையோ ஒற்றையடிப் பாதை. பன்னிரண்டு பைட் எதற்கு வீணாகப் போக வேண்டும் என்று, மலை மையத்தில் டிஷ்ஷோடு இணைத்திருந்த பெட்டியில் நான்தான் அதை அணைத்து வைத்தேன். யாரையும் கேட்கவில்லை.

உன் மாமனுக்கு வருகிறேன். திண்ணனூர் நாட்டில் வீடுகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும், நடுவில் ஓடை, காடு. ஒரு சேதி இரண்டு மூன்று பேர் வாய் மாறித்தான் போய்ச் சேரும். அதனால் உன் மாமன் குடும்பத்தில் ஒரு பழக்கம். பதில் சொல்லும்போது, என்றைக்கு, யார் மூலம், என்ன கேட்டீர்கள் என்பதை முதலில் திருப்பிச் சொல்வார்கள். அதற்கப்புறம்தான் பதில். மாமன் ஐந்தாவது வரை படித்தவர், பேசுகிற மாதிரியேதான் எழுதுவார். 'செவ்வாய்க்கிழமை காலை எழுதுவது. மூடுபனி. நீங்கள் திங்கட்கிழமை மத்தியானம் பஸ்ஸில் கொடுத்தனுப்பின சீட்டு அன்று பொழுதோடு கிடைத்தது. அதில் தங்கச்சி சாப்பிடுகிறாளா என்று கேட்டிருந்தீர்கள்.' இவ்வளவு ஆன பிறகு, 'சாப்பிடுகிறாள்.' எனக்கு எரிச்சலாக வரும். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவரிடமே சொன்னேன். "மச்சான், கேட்டது எனக்குத் தெரியாதா? நான்தானே கேட்டேன். விசயத்த மட்டும் ஒரு வரில எழுதுங்க. நாளு கெழம, பனி மழ எல்லாம் வேண்டாம்." அவர் உன் அம்மாவைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டு, "அவுருக்குத் தந்தி மாதிரி வேணுமாமுங்கண்ணா. பொண்டாட்டி பேசறதயே பாதிக்கு மேல கேக்கறதில்ல" என்றாள். "செரிங்க மாப்பிள்ள" என்றார் மாமன். அன்றிலிருந்து அவர் சீட்டு ஒரு வரிதான்.

நீ பிறந்தது ஐப்பசியில், மலைமேல், மாமன் வீட்டில். பன்னிரண்டாம் நாள் நான் மையத்துப் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனேன். மழையில் அது ஏன் தள்ளாடுகிறது என்று அங்குள்ள லேபில் பார்த்துச் சரி செய்து வரச் சொல்லி கம்பெனி அனுப்பியது. பெட்டி என்னிடம் இருந்ததால் மையம் செத்துக் கிடந்தது. மேலே இருந்த போன்களும் மழைக்கு ஊமையாகிவிடும். மிச்சமிருந்த ஒரே வழி, சேந்தமங்கலத்தில் எனக்குத் தெரிந்த எஸ்.டி.டி. பூத்காரருக்கு நான் போன் செய்வது, அவர் நான் சொல்வதைச் சீட்டில் எழுதிக் கண்டக்டரிடம் கொடுப்பது, மாமன் பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து வாங்கிக்கொள்வது. பதிலும் அதே வழியில் இறங்கும். கிளம்பும்போது மாமனிடம், "எதுனாலும் எனக்குத் தெரிவிச்சுட்டு, நான் சொன்ன பொறகு செய்யுங்க" என்றேன். அதை அன்பாகச் சொல்லவில்லை, உத்தரவாகத்தான் சொன்னேன். பூத்காரரிடமும், லேபுக்கு நீங்கள் கூப்பிட வேண்டாம், நானே மத்தியானத்தில் கூப்பிடுகிறேன் என்றேன். எல்லாவற்றையும் நானே கட்டிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஒரு வரி வந்தது. திங்கள் மத்தியானம் நான் சொன்ன சீட்டு: 'காய்ச்சல் எப்படி இருக்கிறது? நான் வரணுமா?' அது அன்றே மேலே போய்விட்டது. அன்று இரவோடு காய்ச்சல் விட்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை மாமன் எழுதினார்: 'காய்ச்சல் விட்டது. வர வேண்டாம்.' கண்டக்டர் அதைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் பாதி வழி இறங்குவதற்குள் மலைப்பாதையில் மரம் விழுந்து, செவ்வாய் முழுக்க அங்கேயே நின்றுவிட்டது. இது எதுவும் எனக்குத் தெரியாது. செவ்வாய் மத்தியானம் போன் செய்தேன். பதில் இல்லை என்றார் பூத்காரர். அதே வார்த்தைகளை மறுபடி எழுதச் சொன்னேன். "பஸ்ஸு இன்னைக்கு இல்லீங்க, மொளகு ஏவாரி ஒருத்தரு நடப்பாதைல ஏறறாரு, குடுத்துடறேன்" என்றார். அந்த இரண்டாவது சீட்டு செவ்வாய் பொழுது இறங்க மாமன் கைக்குப் போய்விட்டது. அந்தச் சாயங்காலமே காய்ச்சல் திரும்பி வந்திருந்தது.

புதன்கிழமை காலை லேபில் எனக்குக் காரணம் பிடிபட்டது. அணைத்து வைத்திருந்த நேரக்குறியைத் திறந்துவிட்டேன். செயற்கையாக மழை நேரத்து இழப்பை உண்டாக்கிப் பார்த்தோம், பெட்டி அசையாமல் ஓடியது. கூட வேலை செய்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "யாரு சார் இதை ஆஃப் பண்ணது?" என்றாள். நான்தான் என்றேன். "பன்னெண்டு பன்னெண்டு பைட்டா மிச்சம் பிடிச்சு மலையில பங்களா கட்டப் போறீங்களா?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். அந்தச் சந்தோஷத்தோடு மத்தியானம் பூத்காரருக்குப் போன் செய்தேன். "பதில் வந்திருச்சுங்க. காய்ச்சல் விட்டது, வர வேண்டாம்" என்று படித்தார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நேற்று கொடுத்த சீட்டு மேலே போய்ச் சேர்ந்ததா என்று. "நேத்து பொழுதோடயே போயிருச்சுங்க" என்றார். அப்படியானால் இது அதற்கு வந்த பதில் என்று எடுத்துக்கொண்டேன். அது முதல் சீட்டுக்கு வந்த பதில். விடியற்காலை மரத்தை அறுத்து எடுத்ததும் கண்டக்டர் பையிலிருந்து இறங்கி வந்தது. பாக்கெட்டில் எது தப்பு என்று காலையில் கண்டுபிடித்த ஆள், மத்தியானம் போனைக் காதில் வைத்துக்கொண்டு அதே தப்பைச் செய்தான். எனக்குச் சந்தேகம்கூட வரவில்லை.

மாமன் புதன்கிழமை எழுதின இரண்டாவது பதில், 'மறுபடி காய்ச்சல். உடனே கார் கொண்டு வாங்க' என்பது, சாயங்கால பஸ்ஸில்தான் இறங்கியது. நான் அடுத்து போன் செய்தது வியாழன் மத்தியானம். மேலே அவர்கள் புதன் முழுக்க, வியாழன் பாதி வரை என் காருக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்ன பிறகு செய்யுங்கள் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதனால். பிறகு பொறுக்க மாட்டாமல் மாமனும் இன்னும் மூன்று பேரும் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, ஒரு ஜீப்பை நிறுத்தி நாமக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். நான் மழையில் பஸ் மாறி மாறி வந்து, சேந்தமங்கலத்தில் சேதி தெரிந்து, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத்தான் நாமக்கல் போய்ச் சேர்ந்தேன். எட்டு மணிக்கு முடிந்திருந்தது. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். நீ மாமன் மனைவியான உன் அத்தையின் கையில் பால் குடித்துக்கொண்டிருந்தாய். எனக்கு அழுகை வரவில்லை. பிறகு வரும் என்றார்கள். இதுவரை வரவில்லை. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பக்கம் போல, அந்த இடம் இருக்கிறது, தொட்டால் தெரிவதில்லை.

காரியத்தன்று நான் சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அந்தக் கண்டக்டரைப் பார்த்தேன். "செவ்வா காலைல குடுத்ததுங்க சார், மரம் விழுந்துருச்சுங்களா, பையிலயே இருந்துச்சு, புதன்கெழம வந்ததும் வராததுமா குடுத்துப்போட்டேன்" என்றார். நான் கேட்காமலே சொன்னார். நான் வீட்டுக்குத் திரும்பியபோது பந்தலில் சண்டை. என் அப்பா கையில் அந்தச் சீட்டு. பூத்காரரிடமிருந்து யாரோ வாங்கி வந்து கொடுத்திருக்கிறார்கள். புதன்கிழமை வந்த சீட்டு என்று சொல்லியும் கொடுத்திருக்கிறார்கள். "புதங்கெழம புள்ள காச்சல்ல வெந்துகிட்டுக் கெடக்குது, இவன் விட்டுப்போச்சுன்னு எழுதறான். செலவுக்குப் பயந்தானா, எங்க மொகத்துல முழிக்கப் பயந்தானா?" மாமன் நின்றபடியே சொன்னார். "அது செவ்வாக்கெழம காலைல எழுதினதுங்க. அப்ப விட்டுத்தாங்க இருந்துச்சு. புதங்கெழம வாங்கன்னு வேற சீட்டு எழுதினனுங்க." அப்பா சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "செவ்வாக்கெழமைன்னு இதுல எங்கடா இருக்குது? காட்டு. மலைக்காரனுக்கு நாளேது, கெழமையேது." மாமன் சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாளும் கிழமையும் எழுதாதே என்று சொன்னவன் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவர், மாப்பிள்ளைதான் எழுத வேண்டாமென்றார் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நான் சொல்வேன் என்று பார்த்தார் போல. நான் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குற்றவாளி இல்லையென்றால் மிச்சம் இருப்பது யார் என்று எனக்குக் கணக்குத் தெரியும். அப்போதே, அங்கேயே, அந்த இடத்தில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் பேசாமல் இருந்தேன். மாமன் சாப்பிடாமல் போனார். அவருக்கும் நமக்கும் போக்குவரத்து இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். உன்னை அவர்களுக்குக் காட்டவுமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு உனக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். "என் தங்கச்சி ஊட்டுக்காரரும் இவனுக்கு மாமன் மொறதானப்பா, அவரு மடியில வெச்சுக்குவோம்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி ஏற்பாடு செய்தாயிற்று. பேசியது நான்தான், அப்பா சொல்லச் சொன்னார். சொல்லி முடித்த பிறகு எனக்கு அதைப் பொறுக்க முடியவில்லை. ஏன் அன்றைக்கு முடியவில்லை, அதற்கு முன்னால் முடிந்தது என்று கேட்டால் தெரியாது. காது குத்துக்கு முந்தின புதன்கிழமை லீவு போட்டுவிட்டு மலைக்குப் பஸ் ஏறினேன்.

மாமன் வாசலில் குச்சிக்கிழங்கை மண் தட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். "வாங்க மாப்பிள்ள" என்றார். அந்த 'ங்க' குறையவில்லை. நான் உட்காரக்கூட இல்லை. "மச்சான், அந்தச் சீட்டு செவ்வாக்கெழம எழுதினதுதான். எனக்கு அப்பவே தெரியும்" என்றேன்.

"எப்பங்க தெரியும்?"

"காரியத்தன்னைக்கு. கண்டக்டர் சொன்னாரு."

"பந்தல்ல நான் பேசறதுக்கு முன்னாலயா, பொறகாலயாங்க?"

"முன்னால."

அவர் ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் தட்டினார். அடுத்ததை எடுத்தார். அவர் மனைவி, உன் அத்தைக்காரி, வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னார்: "மூணு வருசமா இவுரு சேந்தமங்கலம் சந்தைக்கு எறங்கறதில்லீங்க. மொளகக் கூட அடுத்தவங்க கிட்டக் குடுத்துத்தான் விக்கறது. இங்கயே புள்ளைங்க கூடப் பொய்ச்சீட்டுக்காரர் ஊடுன்னு சொல்லுதுங்க. தொணைக்கு ஒரு வார்த்த, உங்களுக்கு அவ்வளவு கஷ்டமாங்க?" நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது. "இப்ப எதுக்குங்க வந்தீங்க?" என்றார் மாமன். காது குத்து, பையனை உங்கள் மடியில் வைக்க வேண்டும் என்றேன். "உங்கப்பாரு செரின்னாருங்களா?" அவருக்குத் தெரியாது என்றேன். அவர் கிழங்கைக் கீழே வைத்தார். "அப்ப மொதல்ல அங்க சொல்லுங்க மாப்பிள்ள. இங்க எங்கிட்டச் சொல்றது சுலுவுங்க. எனக்குத்தான் தெரியுமே."

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். "அதச் சொல்லி இப்ப என்ன ஆவப்போவுது? போனவ வந்துருவாளா?" என்றார். அவள் வர மாட்டாள், அவர் வருவார் என்றேன். "நான் அத்தன பேரு முன்னால டா போட்டுப் பேசியிருக்கறன்டா அந்த மனுசன" என்றார். பிறகு, "நீ நின்னு கேட்டுகிட்டுத்தான இருந்தே" என்றார். அவ்வளவுதான் பேச்சு. வெள்ளிக்கிழமை மறுபடி மலைக்குப் போனேன். சீட்டு எதுவும் அனுப்பவில்லை, நேரில் போய், அப்பாவிடம் சொல்லியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் சொல்வேன் என்றேன். மாமன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பையன் யாராட்டம் இருக்கறான்?" என்று மட்டும் கேட்டார். அவன் அம்மா மாதிரி, எதையும் கேள்வியாகத்தான் பேசுகிறான் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் எங்களுக்கு முன்னாலேயே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். சொந்தக்காரர்கள் அவரைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்தார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன். சீட்டு எந்த நாள் எழுதினது, எந்த நாள் வந்தது, நாள் எழுத வேண்டாமென்று சொன்னது யார், கண்டக்டர் எனக்கு எப்போது சொன்னார், நான் எத்தனை நாள் பேசாமல் இருந்தேன், எல்லாவற்றையும். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மூன்று வருஷமாகச் சொல்ல முடியாமல் இருந்த விஷயம் அவ்வளவு சின்னது. "நல்ல காரியத்துல எதுக்கப்பா இதெல்லாம், விடு" என்றார் ஒருவர். இன்னொருவர் எனக்குக் கேட்கும்படியே, "மச்சான் காலுல விழுந்து கூட்டிட்டு வந்திருப்பான், அதான் மாத்திச் சொல்றான்" என்றார். திருத்தம் கதையைப் பிடிக்காது என்று முதலில் எழுதினேனே, அது இதனால்தான். அப்பாதான் எழுந்தார். சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து வந்து, தன் கையாலேயே உதறி விரித்து, மாமனைப் பார்த்து, "உக்காருங்க" என்றார். அவர் வாயில் 'ங்க' வந்ததை நான் கேட்டேன். அது மன்னிப்புக் கேட்டதா என்று தெரியாது. மாமன் உட்கார்ந்தார். உன்னை அவர் மடியில் வைத்தேன். உனக்கு அவரை யாரென்றே தெரியாது. ஆசாரி ஊசியைக் கொண்டுவந்ததும் நீ அவர் கையைக் கடித்தாய், நன்றாகப் பல் பதிய. "கடிச்சுக்க சாமி, கடிச்சுக்க" என்றார். கையை எடுக்கவில்லை. இரண்டு காதும் குத்தி முடிகிறவரை எடுக்கவில்லை. பிறகு உன்னை என்னிடம் கொடுத்துவிட்டு, சாப்பிடச் சொன்னதற்கு, "இன்னொரு நாளைக்குங்க" என்று சொல்லி அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

என்னை அவர் மன்னித்துவிட்டாரா என்று கேட்காதே. நான் கேட்கவில்லை. கேட்டால் மன்னித்துவிட்டேன் என்றுதான் சொல்வார். அவர் அப்படிப்பட்டவர், அது பதிலாகாது. எனக்கு உன்னிடம் ஒரு வேலை மட்டும் இருக்கிறது. உன் கல்யாணத்துக்கு முதல் வெற்றிலைபாக்கு மலைமேல் போக வேண்டும், பத்திரிகைக்கு முன்னாலேயே. நீயே கொண்டு போ. மாமன் ஊரில் இறங்கியதும் அவசரப்படாதே. அவர் எங்கிருந்து தொடங்குகிறாரோ அங்கிருந்து கேள், எவ்வளவு நேரமானாலும் கேள். நடுவில், விஷயத்துக்கு வாங்க என்று சொல்லாதே. உன் அம்மாவைப் பற்றி அவரிடம் இருப்பது என்னிடம் இருப்பதைவிட அதிகம், இருபது வருஷம் அதிகம். அவர் பந்தலுக்கு வருகிறேன் என்று சொல்லலாம், மாட்டேன் என்றும் சொல்லலாம். எதுவானாலும் அவர் சொன்னதாக இருக்கட்டும். என்னைக் கூட அழைத்துக்கொண்டு போகாதே. நான் பக்கத்தில் நின்றால் மரியாதைக்காகச் சரி என்று சொல்லிவிடுவார்.

அப்பா